மேகம் உள்ளே இருந்தபோது

ஸ்வேதா கிளம்பிப் போன பிறகும் கடைக்குள் அவள் குரல் வாசித்துக்கொண்டிருந்தது.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மேனகா நின்றாள். கவிதைப் புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து, ஈரத்தில் ஊறிய காகித வாசனையோடும் ஆறிப்போன காப்பி வாசனையோடும் கலந்து, வார்த்தைகள் புரியாத அளவுக்குத் தணிந்து, ஆனால் வாக்கிய முடிவில் சற்றே நீளும் அந்த இழுவை மட்டும் மாறாமல் குரல் வந்தது. எட்டிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

“என்னங்க, உள்ள யாரோ படிக்கிற மாதிரி இல்ல?”

ராஜ்மோகன் சிரித்தான். “அவ இந்நேரம் அட்டுவம்பட்டி ரூமுக்கே போயிருப்பா. ஒனக்கு எந்நேரமும் ஸ்வேதா நெனப்புத்தான்.”

எனக்கா என்று கேட்க நினைத்தாள். அடுத்த நாற்காலியைத் தூக்கி அடுக்கினாள்.

கொடைக்கானலில் கணவனும் மனைவியுமாக அவர்கள் நடத்தும் அந்தப் புத்தகக் கடையில் சனிக்கிழமை மாலைகளில் ஓவியம் வரைகிறவர்களும் நாடகம் போடுகிறவர்களும் கூடுவார்கள். ஒருவர் கதை வாசிப்பார். பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்தால், மேசை விளக்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து அதை உள்ளே விடுவது கடையின் வழக்கம். அது தானாக வெளியேறும்வரை வாசிப்பவர் நிறுத்தக்கூடாது. யாரும் ஜன்னலைச் சாத்தக்கூடாது. கல்யாணமான புதிதில், மேனகாவின் குரலை மேகத்துக்குள் உட்கார்ந்து கேட்பதற்காகவே ராஜ்மோகன் ஏற்படுத்திய வழக்கம். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பான்.

பழனியிலிருந்து நாடகக்காரி ஸ்வேதா வந்த பிறகு மேனகா காப்பி மட்டும் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, முன்வரிசையில் ஓவியர் திருமலைச்சாமி சம்மணமிட்டு உட்கார்ந்தார். “மேனகாம்மா, காப்பி வெரசா வரட்டும். இந்தப் புள்ள படிக்க ஆரம்பிச்சா எந்திரிக்க ஏலாது. ராஜ்மோகன், ஒங்க வீட்டம்மாவுக்கு இனிமே ரெஸ்டுதான் போங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். ராஜ்மோகனும். ஸ்வேதாவின் தொண்டைக்காக அவனே பனங்கற்கண்டு பொடித்து வெந்நீரில் கலந்து கொண்டுவந்தான். மேனகாவுக்குத் தொண்டை கட்டியபோது மெடிக்கல் ஷாப்புக்குப் போகச் சொன்னவன்.

மேகம் வந்தது. புத்தக முதுகுகள் மங்கின, கேட்பவர்களின் தலைகள் மங்கின, மேசை விளக்கு ஒரு மஞ்சள் கறையாகச் சுருங்கியது. ஸ்வேதாவின் குரல் மட்டும், ஒவ்வொருவர் காதோரமும் குனிந்து நின்று பேசுவதுபோல் தெளிந்துகொண்டே போனது. வெள்ளைக்கு நடுவே ராஜ்மோகனின் முகம். கண்கள் மூடியிருந்தன.

மேனகா எழுந்தாள். குளிர்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் ஜன்னலைச் சாத்தினாள். அடுத்ததை. கொக்கிகள் விரலைச் சுட்டன, அவ்வளவு சில்லிப்பு.

“மேனகா, என்ன பண்ற? அது தானாப் போகட்டும். தெற,” என்றான் ராஜ்மோகன்.

கடைசி ஜன்னலையும் சாத்தினாள்.

குரல் நின்றது. வாக்கியத்தின் நடுவில்.

யாரும் அசையவில்லை. மேகமும் அசையவில்லை. தடவிக்கொண்டே வாசிப்பவரின் நாற்காலிக்குப் போனாள். இருக்கைத் துணி நனைந்திருந்தது. அதன்மேல் புத்தகம், விரிந்தபடி. ஸ்வேதா இல்லை.

“ஏன் நிறுத்திட்ட? படி தாயி.” திருமலைச்சாமி. தூக்கத்தில் பேசுவதுபோல.

ஸ்வேதாவைக் காணோம் என்று சொல்ல மேனகா வாயைத் திறந்தாள்.

விட்ட இடத்திலிருந்து வாக்கியம் தொடர்ந்தது. அதே இழுவை. அவள் வாயிலிருந்து.

நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. இரு கைகளாலும் வாயைப் பொத்தினாள். விரல்களுக்கு அடியில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. குரல் துளியும் மங்கவில்லை.

ராஜ்மோகன் நெருங்கி வந்தான். காலடியில் உட்கார்ந்தான். எத்தனையோ வருடங்களாக அவள் பார்க்காத சிரிப்பு அவன் முகத்தில்.

“படி ஸ்வேதா,” என்றான்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே இரண்டு உள்ளங்கைகள். நடுவே ஸ்வேதாவின் முகம். தாடை கழன்றுவிடும்போல் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள்.

சத்தமே இல்லை.

அந்த வாய்க்குள் மேகம் மெல்ல நுழைந்துகொண்டிருந்தது.