புழு யாருக்குச் சொந்தம்?

குண்டூசி குடியிருந்த வாடகை வீட்டை ஒட்டி ஒரு காலி இடம் இருந்தது. அந்த மண்ணுக்குச் செருப்பு என்றால் கொள்ளை ஆசை. மழை பெய்தால் போதும், யார் கால் வைத்தாலும் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால் மட்டும் வெளியே வரும். வெயில் அடித்தாலோ பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சுத்தக் களிமண்.

அதில் தக்காளி வளர்ப்பது என்று குண்டூசி முடிவு செய்தபோது அவளுக்கு எட்டு வயது. ஒல்லியாக இருப்பாள், சுருக்கென்று பேசுவாள். அதனால் அந்தப் பெயர். வைத்தவர் அப்பா. அதிகம் குத்து வாங்குபவரும் அவர்தான்.

அப்பா கொத்தனார். “மண்ணைப் பத்தி எனக்கு யாராவது சொல்லித் தரணுமா?” என்று மீசையைத் தடவினார். “மணலைக் கலந்தா பொலபொலன்னு ஆயிடும் பாரு.”

ஆறு கூடை மணலைக் கொட்டினார். தண்ணீர் ஊற்றிக் குழைத்தார். கை சும்மா இருக்குமா? சுவர் பூசும் கரணையை எடுத்து, மேலே மொழுமொழுவென்று தேய்த்தும் விட்டார்.

நான்கு நாள் வெயில் அடித்தது. விதை போடக் குண்டூசி குச்சியால் குத்தினாள். குச்சி முறிந்தது. அப்பா கடப்பாரையால் குத்தினார். ‘டங்’ என்றது.

அம்மா வந்து பார்த்தாள். “அருமையான தரை. கட்டில் போட்டுப் படுத்துக்கலாம்.”

அன்று முழுவதும் அப்பாவின் மீசை தொங்கிப்போய் இருந்தது.

ஒருநாள் குண்டூசியின் பந்து சுவர் மூலைக்கு உருண்டது. அங்கே காய்ந்த இலைகள் குவிந்து மக்கிக் கிடந்தன. பந்தை எடுத்தபோது விரல் மண்ணுக்குள் வழுக்கென்று இறங்கியது. அதே களிமண்தான்! ஆனால் கறுப்பாக, உதிரியாக இருந்தது. உள்ளே ஒரு மண்புழு, ‘என்ன விஷயம்?’ என்பதுபோல நெளிந்தது.

அன்றிலிருந்து தெருவில் உதிர்ந்த இலையெல்லாம் அவள் சாக்குக்குள் போனது. அப்பாவின் தரையை அப்பாவையே உடைக்க வைத்தாள். அதன்மேல் இலை, காய்த்தோல், தேயிலைச் சக்கை எல்லாவற்றையும் பரப்பி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டாள். மிதித்தால் மண் இறுகிவிடுமே! நடக்க ஒரு பலகை போட்டாள். பலகையை விட்டு இறங்கினால் அப்பாவுக்கும் திட்டுதான்.

“சர்க்கஸ்ல கம்பி மேல நடக்கற மாதிரி இருக்கு” என்று அப்பா முணுமுணுத்தார். ஆனாலும் பலகையில்தான் நடந்தார்.

இரண்டு மழைக்காலம் போனது. முன்பெல்லாம் கையில் பிடித்தால் விரல் தடத்தோடு கட்டியாக நின்ற மண், இப்போது கையை விரித்ததும் உதிர்ந்தது. தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

வீட்டுக்காரர் வந்தார். பழுத்த ஒன்றைக் கேட்காமலே பறித்துக் கடித்தார். “அடடா, தேன்!”

வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கொத்தனாரே, பையன் கார் வாங்கறான். இந்த இடத்துல சிமெண்ட் போட்டுடுங்க. நல்லவேளை, கொத்தனாரையே குடி வெச்சிருக்கேன்.”

அப்பா தலையாட்டினார்.

அவர் போனதும் குண்டூசி கேட்டாள். “ஏம்ப்பா முடியாதுன்னு சொல்லலை?”

“வீடு அவரோடது பாப்பா.”

“மண்ணு?”

“மண்ணும் அவரோடதுதான்.”

“இலை நான் பொறுக்கினது. புழு யாரோடது?”

அப்பா பலகை மேலேயே நடந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

இரண்டு நாள் அவள் அப்பாவோடு பேசவில்லை. அப்பா வேண்டுமென்றே பலகையை விட்டு இறங்கி நின்றுகூடப் பார்த்தார். திட்டு வரவில்லை.

மூன்றாம் நாள் அவர் மண்வெட்டியை எடுத்தபோது அவளே வந்தாள். “மேல்மண்ணைத் தோண்டி எடுத்துட்டுத்தானே சிமெண்ட் போடுவீங்க?”

“ஆமா. இல்லேன்னா தரை வெடிச்சுடும்.”

“எடுத்த மண்ணு?”

“லாரியில ஏத்தி எங்கயாவது கொட்டிடுவாங்க.”

“அப்போ அது அவருக்கு வேண்டாத மண்ணு. எனக்குத் தரச் சொல்லுங்க. வாசலுக்கு வெளியே, மதில் ஓரமா போட்டுக்கறேன். போய்க் கேட்டுட்டு வாங்க.”

அப்பா போய்த் திரும்பி வந்தார். “குப்பைதானே, எடுத்துக்கச் சொல்லுங்கன்னுட்டார்.”

குப்பை. குண்டூசி காலி சிமெண்ட் சாக்குகளை உதறினாள்.

பதினான்கு மூட்டை. மதில் ஓரத்தில் இரண்டு சாண் அகலத்துக்குத்தான் இடம். அதுவும் களிமண். அப்பா கொத்திக் கொடுக்க, அவள் தன் மண்ணைப் போட்டுக் கலந்தாள். முடிந்ததும் அப்பாவின் கை தானாகக் கரணையைத் தேடியது. குண்டூசி நிமிர்ந்து பார்த்தாள். கரணை முதுகுக்குப் பின்னால் போனது.

அடுத்த வாரம் அவர் சிமெண்ட் போட்டார். அழகாகத்தான் போட்டார். யாரும் பாராட்டவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

கார் வந்தது. மழையும் வந்தது. காருக்கு அடியில் ஒரு மண்புழு, உள்ளே இறங்க வழி தெரியாமல் சிமெண்டின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. குண்டூசி அதை ஓர் இலையில் ஏந்தி மதில் ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டாள்.

திரும்பும்போது, இன்னும் உதிரியாகாத அந்த ஓரத்துக் களிமண் அவளுடைய இடது செருப்பைப் பிடித்துக்கொண்டது.

“பிடி, பிடி” என்றாள் குண்டூசி, ஒற்றைக் காலில் நின்றபடி. “இன்னும் ரெண்டு மழைக்காலம்தான் உனக்கு.”