ஒட்டாத விலா

காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும் தெருவிலிருந்த தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று நிறுத்துவதுதான், இனி ரெண்டு மணிக்கு மேல்தான் வரும். பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலுக்குள்ளேயே வாழ்ந்த ராஜேஸ்வரிக்கு, அது நின்றதும் காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. பின்வாசல் கொடியில் ஈரச்சேலை சொட்டுவதும், அடுப்பில் சோறு அடங்குவதும், எங்கோ ஒரு காக்கை ஓட்டின் மேல் நடப்பதும் தனித்தனியாகக் கேட்டன. அப்போதுதான் அதுவும் கேட்டது.

டிக்.

நகத்தை நகத்தால் சுண்டின மாதிரி. கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். எட்டு மாதம் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த சத்தம்.

போன வருஷம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பொழுது இருட்டித் திரும்பும்போது, பின்விளக்கு இல்லாத டிராக்டரில் பைக் மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கு இடது பக்கம் ஆறாவது, ஏழாவது, எட்டாவது விலாக்கள் முறிந்தன. ஓட்டிய புருஷன் மூக்காண்டி செத்துப்போனான். விலா தானாக ஒட்டிக்கொள்ளும், ஓய்வெடுத்தால் போதும் என்றார்கள். ஒட்டவில்லை. மூச்சை இழுத்தால் டிக், விட்டால் டிக். இருமக்கூடப் பயம். உட்கார்ந்தபடியே தூங்கினாள். கடைசியில் திருநெல்வேலியில் ஒரு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"முறிஞ்ச ரெண்டு முனைக்கும் நடுவுல நார் மாதிரி சதை வளந்துட்டு. அதான் எலும்பு சேரல. அதைச் சுரண்டி எடுத்துட்டு, உங்க இடுப்பெலும்புலயே கொஞ்சம் எடுத்து அந்த எடத்துல வச்சு, மேல டைட்டானியம் பிளேட் போட்டு ஸ்குரூ முடுக்கிரலாம்."

பிறகு விரலைக் கொஞ்சம் கீழே இறக்கினார். "இங்க ஒம்பதாவதுலயும் பத்தாவதுலயும் பழைய முறிவு இருக்கே. இது எப்பம் நடந்தது?"

"வழுக்கி விழுந்தேன்."

"ரெண்டு தடவையுமா?"

அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மூக்காண்டி மிதித்து முறிந்த எலும்புகள் எல்லாம் வைத்தியமே இல்லாமல் ஒட்டியிருந்தன.

ஆபரேஷன் முடிந்து இன்றைக்குப் பதினோரு வாரம். விலாவைவிட இடுப்பில் எலும்பு எடுத்த இடம்தான் வலித்தது, அதுவும் குறைந்துவிட்டது. இப்போது மல்லாந்து படுக்கிறாள். சிரித்தால்கூட ஒன்றும் ஆவதில்லை. போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு சேர ஆரம்பித்திருந்தது.

சேலைக்குள் கையை விட்டுத் தழும்பின் மேல் உள்ளங்கையை அழுத்தினாள். தோலுக்கடியில் பிளேட்டின் விளிம்பு தட்டுப்பட்டது. எதுவும் அசையவில்லை.

டிக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினாள்.

டிக்.

போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். இசக்கிசெல்வி திருவேங்கடம் தாலுகா ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள்.

"மக்கா, அந்தச் சத்தம் மறுபடி கேக்குது."

"என்னம்மா சொல்லுத? வலிக்கா?"

"வலி இல்ல."

"ஏதாவது வெயிட் தூக்குனியா?"

"இல்லட்டி."

"சரி, நான் டாக்டர்ட்ட கேட்டுட்டு பர்மிஷன் போட்டு வாரேன். நீ போய் உக்காரு. இப்படி இழுத்து இழுத்து மூச்சு வாங்காத, மெதுவா விடு."

"நான் வாங்கலியே."

"எனக்கு இங்கன வரைக்கும் கேக்குதும்மா."

ராஜேஸ்வரி போனைக் காதிலிருந்து மெதுவாக எடுத்தாள். மகள் சொன்னது சரி. டிக்குக்கும் டிக்குக்கும் நடுவில் இன்னொன்று இருந்தது. ஈரத்துணியைக் குழாய்க்குள் திணித்து ஊதின மாதிரி, கொழகொழவென்று ஒரு இழுப்பு. உள்ளறையிலிருந்து வந்தது. தரையோடு தரையாக.

வாசலுக்குப் போயிருக்கலாம். எதிர்வீட்டுக்காரி தறிக்கூடத்து வாசலில்தான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். கால் அந்தப் பக்கம் போகவில்லை. உள்ளறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டில், பீரோ, மடித்து வைத்த போர்வை. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. ஆள் இல்லை. ஆனால் டீசல் நாறியது. மழை பெய்த கரிசல் மண்ணும், அதோடு ரத்தமும்.

அந்த வாடை அவளுக்கு மறக்கவே இல்லை.

அன்றைக்கு ரோட்டோரத்தில் அவள் இப்படித்தான் கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஒரு கை தூரத்தில் மூக்காண்டி. நெஞ்சு நசுங்கி, ஒவ்வொரு இழுப்புக்கும் டிக்கென்று. "ராசேசு, தண்ணி" என்றான். அப்புறம் பேச்சில்லை, மூச்சு மட்டும். திருவேங்கடம் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்து நின்றது. பின்சீட்டு நிறைய சரக்குமூட்டை, ஒருவர் படுக்கத்தான் இடம். ஓட்டி வந்த கடைக்காரர் ஞானதுரை இறங்கி ஓடிவந்தார்.

"அண்ணாச்சிய மொதல்ல தூக்கட்டுமாம்மா?"

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. அவளைத்தான் பார்த்தது.

"அவரு முடிஞ்சிட்டாரு" என்றாள்.

இருட்டில் ஞானதுரை குனிந்து பார்க்கவில்லை. அவளைத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்தார். ஆம்புலன்ஸ் அங்கே போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. மகளுக்கும் போலீசுக்கும் டாக்டருக்கும் அவள் அந்த ஒரு வாக்கியத்தையே சொன்னாள்.

டிக். இப்போது கட்டிலுக்குக் கீழே.

டிக். வெயில் சதுரத்தில்.

டிக். அவள் காலடியில்.

நிலையோடு சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"உசுரு இருந்துச்சி" என்றாள். குரலே வரவில்லை. மறுபடி சொன்னாள். "உங்களுக்கு உசுரு இருந்துச்சி. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

சத்தம் நின்றது.

டீசல் வாடையும் போயிற்று. காக்கை பறந்தது. தெருவில் யாரோ வாளியை இறக்கிவைத்தார்கள். ராஜேஸ்வரிக்குக் கண்ணீர் பொங்கியது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டது. தலையை நிலையில் சாய்த்து, ஆசை தீர மூச்சை இழுக்கப்போனாள்.

வரவில்லை.

வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போகவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. வலது பக்கம் கல் மாதிரி கிடந்தது. கத்த வேண்டும். கத்துவதற்கு மூச்சு வேண்டும்.

குனிந்து பார்த்தாள்.

சேலைக்கடியில் இடது விலா உயர்ந்தது. மெதுவாக. நிறைந்தது. இறங்கியது.

அவள் இழுக்கவில்லை. விடவுமில்லை.

மறுபடி உயர்ந்தது. அவசரமே இல்லாமல், பக்கத்தில் தூங்குகிற மூக்காண்டியின் நெஞ்சு மாதிரி.