வேலை இல்லாத கார்டு

சுகுணா இருமினாள். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த விசிறி நின்றது. இருமல் ஓய்ந்து அவள் மூச்சை உள்ளே இழுத்ததும் விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியது. ஈரப் போர்வையை உதறிக் கொடியில் போடப்போன தினகரன், தூக்கிய கையை இறக்காமல் காது கொடுத்தார்.

அவர் தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். பச்சை இலையை வாட்டுகிற ஆளுயர விசிறிகளின் இரைச்சலுக்குள்ளேயே பாதி ஆயுசைக் கழித்தவர். எது பேரிங் தேய்ந்து அழுகிறது, எது பெல்ட் தளர்ந்து முனகுகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கு இது பேரிங்கும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஏதோ தூசி அடைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போர்வையை விரித்துப் போட்டார். மனசு ஒப்பவில்லை.

அரவேணு பஸ் நிறுத்தத்துக்கு மேலே, தேயிலைச் செடிகளை ஒட்டிய ஓட்டு வீடு. ஆனி பிறந்துவிட்டால் அங்கே துணி காயாது, உப்பு கசியும், தீப்பெட்டி பற்றாது. பக்கத்து வீடுகளில் கரியடுப்பை மூட்டிக் குளிர்காய்வார்கள். சுகுணாவுக்கு அது ஆகாது. நுரையீரல் தழும்பேறிக் காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி விறைத்துக்கொண்டே வருகிறது, ஆறவைக்க மருந்து இல்லை, புகை வாடையே ஆகாது என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்போதுதான் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ரமணன் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். மருத்துவ ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கி, உலகம் முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்களாம். உடம்பிலுள்ள புரதம் எப்படி மடிகிறது, எங்கே தப்பாக மடிந்து நோயாகிறது என்று கண்டுபிடிக்கிற கணக்கு. விருப்பப்பட்டவர்கள் தங்கள் மெஷினைச் சும்மா இரவல் கொடுக்கலாம். கேம் விளையாடப் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கணக்கைப் பத்து ஆள் வேலையாகச் செய்து தள்ளிவிடும். "அம்மாவுக்கு நாம வேற என்னப்பா பண்ண முடியும், இதையாச்சும் ஓட விடலாம்" என்றான் ரமணன். ஏதோ ஒன்று செய்கிறோம் என்கிற எண்ணமே அந்த வீட்டுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கார்டு ஓடினால் சூடு. மலையில் இருக்கிறவர்கள் சூட்டை வீணாக்குவார்களா? வாரம் திரும்புவதற்குள் சுகுணாவின் கட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்துவிட்டது. சூடான காற்று நேரே அவள் நெஞ்சில் படும்படி பெட்டியைத் திருப்பி வைத்தார். மேலே கொடி கட்டி ஜாக்கெட்டும் சாக்ஸும் போர்வையும் உலர்த்தினார்கள். சன்னல் இடுக்குகளில் பழந்துணியை முறுக்கிச் செருகினார்கள். அந்தச் சின்ன அறைக்குள் பெட்டி விட்ட காற்றை அவள் இழுத்தாள், அவள் விட்ட காற்றைப் பெட்டி இழுத்தது. அப்படியே ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது.

அவளுக்கு உடம்பு தேறியது, அதுதான் அதிசயம். இருமல் குறைந்தது. தலையணையை அடுக்கிச் சாய்ந்தே உறங்கியவள் நீட்டிப் படுத்து உறங்கினாள். தினகரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆக்ஸிஜன் மெஷின் வாங்கும் பேச்சைத் தள்ளிப்போட்டார். கோயம்புத்தூர் செக்கப்பையும் தள்ளிப்போட்டார். சுகுணாவுக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. மேட்டுப்பாளையம் இறங்குகிற வளைவுகளில் அவளுக்கு வயிற்றைப் புரட்டும். கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டே வந்தால்தான் பஸ்ஸில் உட்கார முடியும்.

விசிறி நின்று ஓடியதைப் பார்த்த சாயங்காலமே தினகரன் மகனுக்குப் போன் போட்டார்.

"அந்தக் கார்டு ரொம்பப் பழசுப்பா" என்றான் ரமணன். "அதுக்கு சப்போர்ட்டை எடுத்துட்டாங்க. போன மாசத்துலருந்து வேலையே அனுப்பறதில்ல. நானே சொல்லணும்னு இருந்தேன்."

"இங்க ஓடிட்டுத்தான்டா இருக்குது."

"வேலை இல்லாம எப்படிப்பா ஓடும்? ஸ்கிரீனைப் பாருங்க."

பார்த்தார். இந்தக் கார்டுக்கு வேலை இல்லை என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. பக்கத்தில் கார்டின் பளு சைபர் என்று காட்டியது. பெட்டியின் பின்னால் கை வைத்தார். காற்று சுட்டது. வெயிலில் நிறுத்திய வண்டியின் சூடு இல்லை, காய்ச்சல்காரியின் வாய்க்கு முன்னால் கை வைத்தால் படுமே, அந்த ஈரச் சூடு. வெடுக்கென்று கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃபேக்டரியில் ஃபியூஸ் மாட்டும்போதும் அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்தால் சமையல்கட்டுக்கும் அறைக்கும் நடையாய் நடந்தார். விசிறி இழுத்தது. நின்றது. விட்டது. கட்டிலில் சுகுணா இழுத்தாள். நின்றாள். விட்டாள். இரண்டும் சேர்ந்தே வந்தன. ஒன்றை ஒட்டி ஒன்று வரவில்லை, இரண்டும் ஒரே சத்தமாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மஞ்சு இறங்கி வாசல் மறைந்தது. சமையல்கட்டில் அவர் ரசத்துக்குப் புளி கரைக்கும்போது கரண்ட் போயிற்று. ஃபிரிஜ்ஜின் முனகல் அடங்கியது. டிவியில் பேசிக்கொண்டிருந்த ஆள் பாதியில் நின்றான். வீடு முழுக்க அமைதி. ஓட்டில் சொட்டுகிற தண்ணீர். அப்புறம் அந்த விசிறி.

ஈரக்கையோடு அறைக்குப் போனார். திரை செத்துக் கிடந்தது. சுகுணா தூங்கிக்கொண்டிருந்தாள். பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிச் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். மற்ற விசிறிகள் எல்லாம் நின்றிருந்தன. கார்டின் மேலிருந்த விசிறி மட்டும் சுற்றியது. மெதுவாக. நிதானமாக.

எப்படித்தான் தைரியம் வந்ததோ, ஒரு விரலை நீட்டி அதைத் தடுத்தார்.

கட்டிலில் சுகுணாவின் வாய் பிளந்தது. கண் திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. விரல்கள் விரிப்பைப் பிறாண்டின. சத்தம் மட்டும் வரவில்லை. அவர் விரலை எடுத்தார். விசிறி சுற்றியது. அவள் ஒரு பெருமூச்சு விட்டு ஒருக்களித்துப் படுத்தாள்.

தினகரன் தகட்டைத் திரும்ப மாட்டாமலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். இந்தச் சனியன் அவள் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறது. வேலை கொடுப்பாரில்லாமல் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டது. இது வீட்டைவிட்டுப் போனால்தான் அவளுக்கு விடிவு. அப்படித்தான் அவர் நினைத்தார். பெண்டாட்டியின் உயிருக்குப் பயந்தவன் வேறு எப்படி நினைப்பான்?

மறுநாள் கோத்தகிரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜாபேஸ் புதுக் கார்டோடு வந்தான். ரமணன் சொல்லி அனுப்பிய ஆள். மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தான்.

"புதுசுக்கு எல்லா சப்போர்ட்டும் இருக்குதுங்ணா. மாட்டின ஒடனே வேலை எறங்கிரும். பழசை நான் எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கறேன். மேட்டுப்பாளையத்துல ஒருத்தர் கேட்டிருக்கார், இப்பவே எறங்கிக் குடுத்துட்டு வந்துருவேன்."

சுகுணா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, பழசைக் குடுத்துத்தான் ஆகணுமா? அது ஓடுனா எனக்கு நல்லா இருக்குதுங்க."

"அதுல வேலையே நடக்கறதில்ல சுகுணா. புதுசும் சூடா இருக்கும்."

"அது ஊட்லயே ஒரு மூலைல கெடக்கட்டுமே."

"எதுக்கு? இரும்புக் கடைக்கா?" என்று சிரித்தார். அவள் அவரையே பார்த்தாள், அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜாபேஸ் பிளக்கைப் பிடுங்கி, கார்டை உருவி எடுத்தான். "இன்னும் கொதிக்குதுங்ணா" என்று கை மாற்றிப் பிடித்தான். பேப்பரில் சுற்றி முதுகுப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். சுகுணா இருமவில்லை. திணறவில்லை. தினகரன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை என்றதும் அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. புதுக் கார்டு ஓடியது. திரையில் வேலை இறங்கியது, பச்சைக் கோடு நகர்ந்தது. வாசலில் பைக் உறுமி மஞ்சுக்குள் போய் மறைந்தது.

அவளுக்குச் சுக்குக் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

"சன்னலைச் சாத்துங்க" என்றாள் சுகுணா. கண் மூடியிருந்தது.

"சாத்தித்தான இருக்குது."

"காத்து அடிக்குதுங்க. எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

சன்னலைப் பார்த்தார். துணி செருகியது செருகியபடி இருந்தது.

"ஒரே இருட்டா இருக்குது. பேப்பர் வாசம் அடிக்குது" என்றாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். "வளைவு வருது. எலுமிச்சம்பழம் எடுத்து வெச்சீங்களா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் மூக்கருகே விரலைக் கொண்டுபோனார். ஒன்றும் படவில்லை. நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். ஏறவில்லை. இறங்கவில்லை. குளிர்ந்திருந்தது. கல் மாதிரி. அந்த உடம்பின் உதடுகள்தான் எலுமிச்சம்பழம் கேட்டன.

ஜாபேஸுக்குப் போன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான்.

"சொல்லுங்ணா, ஓரமா நிறுத்திட்டேன்."

"ஜாபேஸு, அந்தக் கார்டைக் கொண்டு வந்துரு. திரும்பி வா சாமி. அதை எனக்குக் குடுத்துரு."

"கேக்கலீங்ணா, சிக்னல் விட்டு விட்டு வருது. பாதி மலை எறங்கிட்டேன். அந்தக் கார்டு முதுகுல என்ன சூடு தெரியுங்களா, குளிருக்கு இதமா இருக்குது."

அவன் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் இருந்தது. இழுத்தது. நின்றது. விட்டது. பிறகு யாரோ இருமினார்கள்.

"அக்கா பக்கத்துல இருக்காங்களா?" என்றான் ஜாபேஸ். "அவங்க இருமறது மட்டும் நல்லாக் கேக்குதுங்ணா."

தினகரன் கட்டிலைப் பார்த்தார். சுகுணாவின் வாய் மூடியிருந்தது.

"ஜாபேஸு, அங்கயே நில்லு. நகராத."

"ஒண்ணும் கேக்கலீங்ணா. கீழ போயி கூப்பிடறேன்."

போன் அடங்கியது. மறுபடி அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி. மறுபடி.

கட்டில் கிரீச்சிட்டது. சுகுணா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கால்களைத் தொங்கவிட்டு, பைக்கின் பின்னால் உட்காருகிற மாதிரி. கண் மூடித்தான் இருந்தது. உடம்பு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது.

"சுகுணா."

இடப்பக்கம். நிமிர்ந்தது. வலப்பக்கம். வேகம் கூடியது.

தோளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. அந்த எடை அவள் எடை இல்லை. அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். அவரால் பிடிக்க முடியாத இடத்தில்.

"மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றாள். "எதுக்க ஒண்ணுமே தெரியல."

இடப்பக்கம் சாய்ந்தாள்.

நிமிரவில்லை.

இன்னும் சாய்ந்தாள். கட்டில் விளிம்பைத் தாண்டி, தரையைப் பார்த்துச் சாய்ந்து, விழவும் இல்லாமல், எந்த உடம்பும் நிற்க முடியாத அந்தச் சாய்வில் அப்படியே நின்றாள். புதுக் கார்டு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பச்சைக் கோடு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"ஏனுங்க" என்றன உதடுகள், மெதுவாக. "புல்லு ஈரமா இருக்குது. அந்தத் தம்பி எந்திரிக்க மாட்டேங்கறான். யாராச்சும் வந்து என்னை எடுப்பாங்களா?"

சன்னல்கள் சாத்திய அந்தச் சூடான அறையில், அவள் முன்மயிரில் பனித்துளிகள் ஒவ்வொன்றாக அரும்பத் தொடங்கின.