சண்டை இல்லாத படம்

பின்னணி இசையை முழுதாக உருவிய பிறகும் படத்தில் ஒரு சத்தம் மிச்சமிருந்தது.

"ஏனுங்ப்பா, இதைக் கொஞ்சம் கேளுங்க," என்று நர்மதா மடிக்கணினியைத் தந்தையின் பக்கம் திருப்பினாள்.

பெருமாட்டி கிராமத்தில் அவர்களுடைய தென்னந்தோப்பில் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் எடுத்த அடிதடிப் படம் அது. நர்மதாவுக்கு ஒவ்வொரு காட்சியும் மனப்பாடம். இப்போது சண்டைகளையெல்லாம் வெட்டியெறிந்து, தோப்பும் வெயிலும் காற்றும் மட்டும் நிற்கிற அமைதியான படமாக அதை மாற்றிக்கொண்டிருந்தாள். மாலையில் எலப்புள்ளியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமென்று ஆசைப்பட்டவர் அப்பா மோகனசுந்தரம்தான். சினிமாவில் வந்த தோப்பு என்றால் சும்மாவா.

திரையில் கொப்பரைக் கொட்டகை. முப்பது பேர் உருண்டு புரண்ட இடத்தில் இப்போது ஓலைக்கூரையும், நெளியும் கானலும், பூட்டிய கதவும் மட்டும் வெகுநேரம் நின்றன. அந்த நீண்ட அமைதிக்கு அடியில், ஈரத்துணியால் பொத்தியதுபோல, டொக் டொக்கென்று ஏதோ கேட்டது.

"படத்துக்குச் சத்தமெல்லாம் பின்னால ஸ்டுடியோவுல சேர்க்கறதுங்ப்பா. கதவு தட்டறத எதுக்குச் சேர்த்தாங்களோ. நான் வெட்ட வெட்ட இது மட்டும் தெளிவாகுது."

"தேங்கா விழுகற சத்தமா இருக்கும், அம்மிணி."

"இப்படி விடாம விழுந்தா நமக்கு மரமேற ஆளே வேண்டாமுங்க."

அவர் சிரிக்கவில்லை. அறைக்குள் கருகிய ஓலையின் வாடை வந்தது.

அன்றும் இதே வெயில். படப்பிடிப்புக் கூட்டத்தில் அந்நிய ஆண்களோடு நின்று வேடிக்கை பார்த்த தங்கை கமலாத்தாளை இழுத்துவந்து கொட்டகையில் தள்ளிப் பூட்டியவர் அவர்தான். பொழுது சாய்ந்ததும் திறந்துவிடலாம் என்றிருந்தார். சண்டைக்காட்சிக்காக மறுநாள் கொளுத்துவதாக இருந்த கொட்டகையை, வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று படக்காரர்கள் அன்றைக்கே கொளுத்த வந்தார்கள். தன் வீட்டுப் பெண் உள்ளே அடைபட்டிருக்கிறாள் என்று இருநூறு பேர் முன்னால் சொல்ல வேண்டும். வாய் எழவில்லை. தீயை விசிற வைத்த பெரிய காற்றாடிகளின் இரைச்சலில் வேறெதுவும் யாருக்கும் கேட்கவில்லை. சாம்பலை அவரே தனியாக அள்ளினார். தங்கையைத் தேவிகுளத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று என்றார். ஊர் நம்பியது.

"பழையபடி மேளத்தைப் போடு."

நர்மதா போட்டாள். அறை அதிர்ந்தது. மேளத்துக்கு மேலேறி அந்தத் தட்டல் வந்தது.

"அழிச்சுப்போடு."

"மூணு மாச வேலைங்ப்பா." அவள் திரையோடு காதை ஒட்டினாள். "பேசறாங்க. நம்மூர்ப் பேச்சாட்டவே இருக்குது. 'அண்ணா, தெறந்து விடுங்கண்ணா.' யாருங்ப்பா இது?"

வாசலில் கார் நின்றது.

எழுந்தார். திரும்பிப் பார்த்தார். அவள் முதுகு காட்டிக் குனிந்திருந்தாள், அவிழ்ந்த கூந்தல் மேசையில் புரள. இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் போகும். வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். சாவியைத் திருப்பினார். தலைவலியென்று படுத்திருக்கிறாள் எனச் சொல்லிக்கொள்ளலாம்.

"வாங்க, வாங்க." நிமிர்ந்து கூடத்துக்கு நடந்தார்.

விருந்தாளிகள் படியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், பின்னிய சடையில் மல்லிகையோடு, நர்மதா.

"கார்ச் சத்தம் கேட்டு உங்களுக்கு முன்னாலயே ஓடி வந்துட்டனுங்ப்பா."

அவருக்குப் பின்னால் தட்டல். மெதுவாக. பூட்டிய கதவில்.

மாப்பிள்ளையின் தாய் முருகேஸ்வரி நின்றுவிட்டாள். "அந்த ரூமுக்குள்ள யாருங்க?"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

கதவின் அடியிலிருந்து புகை.

பிறகு விரல்கள். கரிந்தவை. நகமில்லாதவை. தரையைத் தடவித் தடவி, நாலும் வெளியே வந்தன.