நாலு ரத்தச் சீட்டு

சுப்பாத்தாள் நாலு ரத்தச் சீட்டுகளையும் ரசாக் பாயின் மேசைமேல் பரப்பினாள். வால்பாறை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். தொண்ணூற்றாறு சித்திரையில் புருஷன் தம்பிதுரைக்குத் தன் கிட்னி ஒன்றைக் கொடுத்தவள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, அவன் மேல்மாடி வார்டில் முகம் வீங்கிக் கிடக்கிறான்.

“மாத்திரைய நான் வித்துப்போட்டேன்னு கொழுந்தனார் ஊரெல்லாம் சொல்றாருங்க. நெசத்தை நீங்கதான் கண்டு சொல்லோணும். அதுக்குள்ள என்ற கிட்னியும் பொழைச்சுதுன்னா போதுமுங்க.”

அந்தக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கே முடிச்சு விழுந்தால், ரத்தப் பரிசோதனைக் கூடத்து ரசாக் பாயிடம்தான் வருவார்கள். அவர் சீட்டுகளை நிதானமாகப் பார்த்தார். அங்கே ரத்தம் எடுக்க ஊசி குத்தும் சீனிவாசலுவுக்கோ துப்புத் துலக்குவது என்றால் சோறு வேண்டாம்.

“கடைக்காரன் போலி மாத்திரை குடுத்திருக்கான், பாய்.”

“போலின்னா ரத்தத்துல மருந்து எப்படியப்பா ரொம்பி நிக்கும்?”

அதுதான் முடிச்சு. கிட்னியை உடம்பு எதிர்க்காமல் அடக்கி வைக்கிற மருந்து, நாலு சீட்டிலும் அளவுக்கு மேல். கிட்னி கெடுவதைக் காட்டும் கிரியேட்டினினும் ஏறுமுகம். மருந்து மிஞ்சினாலும் கிட்னி கெடும் என்பதால் டாக்டர் ஒவ்வொரு தடவையும் மாத்திரையைக் குறைத்தார். நேற்றுக் கிட்னியில் சதை எடுத்துப் பார்த்தால், மருந்து போதாமல் உடம்பு அதை எதிர்த்திருக்கிறது.

வேறு ஆள் ரத்தத்தோடு மாறியிருக்கும் என்றான் சீனிவாசலு. நாலு தடவையுமா என்று கேட்ட பாயின் கண், அவள் பைக்குள் துருத்திய எலுமிச்சம்பழத்திலும் பாலிதீன் கவர்களிலும் நின்றது.

“மலையிறங்கறப்ப அவருக்கு வாந்தி வருமாம்மா?”

வரும் என்றாள். மற்ற நாளில் காலை ஆறுக்கு மாத்திரை. ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் வளைவில் வாந்தியோடு போய்விடும் என்று பயந்து, எட்டு மணிக்குப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கித்தான் கொடுப்பாளாம். பத்துக்கு இங்கே ரத்தம்.

மறுநாள் மாத்திரைக்கு முன்பே பாய் ரத்தம் எடுக்க வைத்தார். சீட்டுகளில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு மருந்துகூட இல்லை. கொழுந்தனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“இந்தம்மா ஒண்ணையும் விக்கல. நாலு சீட்டும் பொய்யில்ல. மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரத்துல மருந்து உச்சத்துல நிக்கும். நாங்க பாக்கவேண்டியது, அடுத்த மாத்திரைக்கு முந்தி எவ்வளவு மிச்சம்னு. உச்சத்தை மிச்சம்னு நெனச்சு டாக்டருங்க மாத்திரையைக் கொறச்சுப்போட்டாங்க.”

கொழுந்தன் எழுந்து தன் நாற்காலியைச் சுப்பாத்தாள் பக்கம் நகர்த்தினான்.

“சாப்பிடாம வரச்சொன்னாங்க,” என்றாள் சுப்பாத்தாள். “ஒரு டீத்தண்ணி குடுக்கலீங்க. மாத்திரை மட்டுந்தான்.”

நாலு தடவையும் ரத்தம் எடுத்தது சீனிவாசலு. ரப்பர் குழாயைக் கட்டிக்கொண்டே, “சாப்டீங்களா?” என்று கேட்பான். “இல்லீங்க” என்பான் தம்பிதுரை. மாத்திரை போட்டாச்சா என்று சீனிவாசலு ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டு நாளாய்த் தேடிய ஆள் தன் சட்டைக்குள்ளேயே இருந்தான். பாயிடம் அதைச் சொன்னான். தெரியும் என்பதுபோல் அவர் தலையசைத்தார்.

எதிர்ப்பை அடக்க மூன்று நாள் ஊசி போட்டும், ஒன்றரைக்குள் இருக்கவேண்டிய கிரியேட்டினின் இன்று எட்டு. அந்தக் கிட்னி இனி வேலைக்காகாது என்பதைப் பாய் தணிந்த குரலில் சொன்னார்.

சுப்பாத்தாள் அழவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு கேட்டாள்.

“என்றகிட்ட இன்னொண்ணு இருக்குதுங்களே. அதை எடுக்கலாமுங்களா?”

“எடுக்க மாட்டாங்கம்மா.”

“நான் ஒப்புக்கிட்டாலுமுங்களா?”