இருபத்தொன்றாவது கேள்வி

தாளில் இருபது கேள்விகள்தான் இருக்க வேண்டும். கந்தப்பன் மறுபடியும் எண்ணினார். இருபத்தொன்று.

பீளமேட்டில் ஒரு மனநல மருத்துவமனை. சிறுவயதினர் வார்டில், ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில், எழுபத்தைந்து வயதிலும் முதுகு வளையாமல் அவர் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் பதினைந்து வயதுப் பேத்தி அக்ஷயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தினமும் நர்ஸ் ஒரு தாளை நிரப்புவாள். கூட இருக்கும் வீட்டார் ஒன்றை நிரப்ப வேண்டும். தூங்கினாளா, சாப்பிட்டாளா, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாளா, தனியாகப் பேசினாளா. 'இல்லை', 'சில நேரம்', 'அடிக்கடி' என்று மூன்று கட்டங்கள். இரண்டு தாளிலும் மதிப்பெண் குறைந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

மருமகள் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டிருந்தாள். அதனால்தான் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவரே வந்தார். ஞாயிற்றுக்கிழமை மூத்த பேத்திக்கு நிச்சயதார்த்தம். சின்னவள் ஆர்.எஸ்.புரத்தில் கோச்சிங் ஹாஸ்டலில் இருப்பதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருந்தது. அன்றைக்கும் அவள் வராமல் போனால் விசாரிப்பார்கள். விசாரித்தால் இந்த வார்டு தெரிந்துவிடும்.

இருபதுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டிருந்தார். அதே அச்செழுத்தில் அடுத்தது இருந்தது.

'மூடிய கதவை உள்ளேயிருந்து தட்டுகிறாரா?'

"ஏனுங்க சிஸ்டர், இது புதுசா சேத்துனதுங்களா?"

நர்ஸ் யுவஸ்ரீ தாளை வாங்கிப் பார்த்தாள். "எதுங்க ஐயா? எப்பவும் போல இருபதுதானுங்க. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டிருக்கீங்க. அப்புறம் பாப்பா என்ன, எங்க மெஸ்ல சாப்பிட்டுப் பாக்கவா வந்திருக்குது?"

சிரித்துக்கொண்டே போனாள். அவள் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்ததும், பினாயில் நெடிக்கும் வெந்த சோற்று வாடைக்கும் அடியிலிருந்து மூக்கை அரிக்கிற பழம்பஞ்சின் தூசி மணம் மெல்ல எழுந்தது. அதோடு கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரல்முட்டி விழும் ஓசையும் கேட்டது. மூன்று தட்டு. ஓர் இடைவெளி. மறுபடி மூன்று. நர்ஸ் இருக்கும்வரை அக்ஷயா அசையமாட்டாள். அவர் தனியாக இருக்கும்போது மட்டும்தான் அவள் விரல் எழும்.

அந்த இடைவெளியை அவருக்குத் தெரியும்.

ஐம்பது வருடத்துக்கு முன், அவர் கல்யாணத்துக்கு வீடு நிறைய உறவு வந்திருந்தபோது, புத்தி கலங்கியிருந்த தங்கை பாவாத்தாளைப் பஞ்சுக் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். அப்பா சாவியை அவரிடம் கொடுத்தார். இரண்டாம் நாள் மத்தியானத்தோடு தட்டல் நின்றது. மூன்றாம் நாள்தான் திறந்தார். காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொல்லியாயிற்று.

மறுநாள் தாளில், 'தண்ணீர் கேட்டாரா?'

இல்லை.

அதற்கு மறுநாள், 'உங்களை அண்ணா என்று கூப்பிட்டாரா?'

பேனா நின்றது. பேத்திக்கு அவர் அப்பாரு. பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

சுவர்ப் பக்கமிருந்து, வேறு யாருடையதோ போன்ற வறண்ட குரல் வந்தது. "அண்ணா. மூச்சு முட்டுதுங்கண்ணா."

இல்லை என்று டிக் போட்டார். தாள் கிழிந்தது.

சனிக்கிழமை டாக்டர் இரண்டு தாள்களையும் பார்த்தார். "குடும்பத்துல முன்னாடி யாருக்காவது இப்படி இருந்திருக்குதுங்களா ஐயா? மறைக்காம சொன்னாத்தான் பாப்பாவுக்கு நல்லது."

"எங்க வம்சத்துலயே கெடையாதுங்க."

டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, சென்னிமலைக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வாசலில் திரும்பும்போது, மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த அக்ஷயா தாம்பாளத்தின் விளிம்பைத் தட்டத் தொடங்கினாள். மூன்று. இடைவெளி. மூன்று.

கந்தப்பன் அவள் கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். முன்பு பஞ்சுக் கிடங்கு. இப்போது பெட்ஷீட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. கதவு அதே கதவு.

"ரெண்டே மணி நேரம் கண்ணு. அவங்க போனதும் அப்பாரே வந்து தொறந்துடறேன்."

அக்ஷயா நிமிர்ந்தாள். பத்து நாளில் முதல்முறையாக அவளுடைய சொந்தக் குரல். "வேண்டாங்க அப்பாரு. உள்ள ஆளு இருக்குதுங்க."

பூட்டினார்.

கூடத்தில் தட்டு மாற்றினார்கள். தட்டல் அவர் காதில் விழுந்தபடியே இருந்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரத்தைக் கூட்டச் சொன்னார்.

"சின்னப் பாப்பா எங்கீங்க, காணோம்?" என்றார் சம்பந்தி.

"தலைவலிங்க. படுத்திருக்குது."

மருமகள் அவரையே பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பந்தியில் பாயசம் பரிமாறும்போது தட்டல் நின்றது. அப்பாடா என்று ஒரு வாய் குடித்தார். அதன் பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானம். அன்றைக்கும் மத்தியானம்தான்.

கார்கள் போயின. நாதஸ்வரம் ஓய்ந்தது. பின்கட்டு. வெயில். பஞ்சு மணம்.

"அக்ஷயா."

பதில் இல்லை.

"கண்ணு."

இல்லை.

சாவி பூட்டில் நுழைய மறுத்தது. கதவடி இடுக்கில் ஏதோ உரசியது. ஒரு தாள். பாதி வெளியே வந்து நின்றது. அச்செழுத்தில் ஒரே ஒரு கேள்வி.

'தட்டுவது நின்றுவிட்டதா?'

மூன்று கட்டங்கள். காலி.

குனிந்தார். தாளின் மறுமுனையை மருதாணி வைத்த விரல்கள் பிடித்திருந்தன. அசையாத விரல்கள். அவற்றின்மேல் ஒவ்வொன்றாக வந்து படிந்தன வேறு விரல்கள்: முட்டியில் தோல் இல்லாமல், பஞ்சு ஒட்டி. மெதுவாக, மருதாணி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டன.