டைட்டனிலிருந்து மூன்று மணி நேரம்

பாளையங்கோட்டையில் மகன் வராமல் யாரும் சாவதில்லை. சாக விடமாட்டார்கள். மூச்சு இன்னும் ஒரு மணி நேரம்தான் தாங்கும் என்று மருத்துவ இயந்திரம் சொன்னதும் ஆளை உறைதுயில் பெட்டியில் கிடத்தி மூடிவிடுவார்கள். வெளியூர் மகன் வந்ததும் திறப்பார்கள். மிச்சமிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவன் முகம் பார்த்து, வாயில் பால் ஊற்றி, முறையாக அனுப்பிவைப்பான். ஒரு காலத்தில் பிணத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு மகனுக்காகக் காத்திருந்தார்களாம். விஞ்ஞானம் வளர்ந்து, இப்போது உயிரோடு காக்க வைக்கிறது.

பேச்சியம்மாளின் மகன் சுடலைமணிக்கு சனிக்கோளின் நிலவான டைட்டனில் வேலை. தூரம் நூற்று நாற்பது கோடி கிலோமீட்டர். அவள் பெட்டிக்குள் போன நாளில் அங்கிருந்து கப்பல் வர ஏழு வருடம் ஆகும். செய்தி கேட்டதும் அழுதான், அன்றே கப்பலில் இடம் பிடித்தான். நல்ல பிள்ளைதான்.

அவன் ஏறுவதற்குள் மடிப்புவழி வந்துவிட்டது. வெளியைப் புடவை போல மடித்து, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தாவும் தொழில்நுட்பம். டைட்டன் விண்தளத்தில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் திருநெல்வேலி. தினமும் உண்டு. சுடலைமணி பழைய பயணத்தை ரத்து செய்தான். மூன்று மணி நேரம்தானே, அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்.

அந்த அடுத்த வாரம் பதினாறு வருடமாக வரவில்லை.

மகள் இசக்கியம்மாள் உள்ளூரிலேயே இருந்தாள். தினமும் சாயங்காலம் போய்ப் பெட்டியருகே உட்கார்ந்திருப்பாள். பெட்டிக்குப் போகுமுன் படுக்கையில் கிடந்த அம்மா ஒருநாள் கஞ்சியைத் துப்பியபோது, அலுப்பில் "செத்துத் தொலையேன்" என்று கத்திவிட்டாள். மறுநாளே பெட்டி வந்துவிட்டது. அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்காமல் அவளால் தூங்க முடியவில்லை. ஆனால் பெட்டியைத் திறக்கும் உரிமை கொள்ளி போடுகிறவனுக்கு மட்டும்தான்.

அண்ணனிடம் வருடக்கணக்கில் கெஞ்சினாள். கடைசியில் அவன் மனம் இளகிச் செய்தி அனுப்பினான். "பத்து நிமிசம் பேசிக்கோ. மிச்சத்த எனக்கு வையி. தீபாவளிக்குக் கண்டிப்பா வாரேன்."

மூடி திறந்தது. பேச்சியம்மாள் கண் விழித்தாள். மகளைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"அண்ணன் வந்துட்டானா?"

"இன்னும் இல்லம்மா. நாந்தான் வந்திருக்கேன். அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிட்டேன்..."

"அவன் வர இன்னும் எத்தன வருசமாவும்?"

இசக்கியம்மாளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இப்பம்லாம் மூணு மணி நேரந்தாம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை இசக்கியம்மாள் தனக்காக ஒருநாளும் பார்த்ததில்லை.

"அப்பம் வந்துக்கிட்டுதான் இருப்பான். மூடு ஏட்டி. இருக்க மூச்ச ஒங்கிட்ட பேசியா தீக்க?"

இசக்கியம்மாள் மூடினாள். பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் செலவாகாமல் இருந்தது. பெட்டி அதையும் அண்ணன் பங்கிலேயே சேர்த்துக்கொண்டது.